ஏழு பத்து மலை ரயிலுக்கு ஆறு பேர்

ஜூன் 19, திங்கள்

மலை ரயில் பயணத்துக்கு நானே ஏற்பாடு செய்கிறேன் என்று இன்று மதியம் ஏன் சொன்னேன்? பதில் தெரியவில்லை. வாய் தவறி வந்துவிட்டது என்று எழுதலாம். இருபத்தைந்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் காரணமில்லாமல் ஒன்று நடந்தது என்று எழுதக்கூடாது.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். துறை அறையில் ஐந்து பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மே மாதம் வால்பாறையில் அட்டை கடித்த கதையைச் சௌதாமினி மறுபடி ஆரம்பித்தாள். எங்களில் இளையவள் அவள்தான், பேச்சு நிற்காது. துறைத் தலைவர் ரெஜினா மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜீனத்தும் கலைச்செல்வியும் அட்டையின் நீளத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்தது ஊட்டி ட்ரெயின்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து, அந்த நீராவி எஞ்சின்ல" என்றாள் சௌதாமினி.

"போடீ, அதுக்கு டிக்கெட் கெடைக்கறதுக்குள்ள நான் ரிட்டயர்டே ஆயிருவேன்" என்றார் ரெஜினா.

அப்போதுதான் நான் சொன்னேன். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலி பேசியதைப் போல.

அவர்கள் வால்பாறை போனதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆகவே அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வீடு வந்தது 5.15. அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்; எட்டு வருடம் அதற்காக ஓடி வந்த நேரம் இது. அப்பா போய் ஒரு வருடம் நாலு மாதம் ஆகிறது. நேரம் மட்டும் மாறவில்லை.

ஜூன் 21, புதன்

காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்தது. எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு முடித்துவிட்டேன். ஆகஸ்ட் 20, ஞாயிறு. மேட்டுப்பாளையம் 7.10.

தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. பத்து வருட மழைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். மலையின் கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகையில்தான் மண் சரிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மில்லிமீட்டரில் பார்த்தேன். கல்லூரி அட்டவணையில் அந்த வாரம் தேர்வு இல்லை. இதைவிடப் பொருத்தமான ஞாயிறு இந்த வருடத்தில் கிடையாது.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் போகலாம். நாங்கள் ஐந்து பேர். முதல் பெயர் என்னுடையது: மணிமொழி, பெண், 49. ஆறாவது இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆய்வக உதவியாளர் மாராத்தாளின் பெயரைப் போட்டேன். வயது கேட்டிருந்தது. ஐம்பத்துமூன்று இருக்கும் என்று போட்டேன். அவரிடம் இப்போது சொல்லப்போவதில்லை. கடைசியில் சொன்னால் சந்தோஷப்படுவார். அவருக்கு நான் கடமைப்பட்டவள். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

ஜூன் 22, வியாழன்

டிக்கெட் கிடைத்த செய்தியைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

"மேடம், நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டாள் சௌதாமினி.

டிக்கெட்டில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது என்றேன். ரெஜினா அவளை மேஜைக்கடியில் காலால் இடித்தது தெரிந்தது.

"ஆறு சீட்டுன்னீங்க. ஆறாவது ஆரு?"

"அப்புறம் சொல்றேன்."

"அடி ஆத்தி! மேடம் சஸ்பென்ஸ் வெக்கறாங்க!"

எஞ்சின் முன்னாலிருந்து இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும் என்று விளக்கினேன். ஏற்றத்தில் பெட்டி கழன்றாலும் பின்னால் எஞ்சின் தாங்கிக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த முறை என்றேன். சௌதாமினி நம்பவில்லை. "ரயிலுன்னா இழுக்கோணுமுங் மேடம்" என்றாள். முதுகலை இயற்பியல் படித்தவள்.

ஜூலை 3, திங்கள்

பயணத் திட்டம் முதல் வரைவு முடிந்தது. இரண்டு பக்கம். வேன் 4.45. ரயில் 7.10. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பம். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் இறங்கி நிற்கலாம். குன்னூரோடு நீராவி முடிகிறது, மேலே டீசல். திரும்பி வருவது வேனில். கலைச்செல்விக்கு வளைவில் குமட்டும், எலுமிச்சம்பழம் மூன்று. பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்தேன். பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஜன்னல் ஓரத்தில் யார் உட்கார்ந்தாலும் பாதி வழி நியாயம், பாதி வழி அநியாயம். குன்னூர் வரை மூன்று முறை இடம் மாற ஒரு அட்டவணை போட்டேன். அதில் என் பக்கத்தில் மூன்று முறையும் வேறு வேறு ஆள்.

ஜூலை 12, புதன்

மூன்றாமாண்டு மாணவிகளுக்கு ஆய்வகம். கால்வனாமீட்டர் ஒன்று முள் அசையாமல் நிற்கிறது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மாராத்தாள் எவர்சில்வர் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, குங்குமம், மேலே ஒரு நீளமான உறை.

"அம்மா, பாப்பாவுக்குக் கண்ணாலமுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள நெருங்கினவங்களுக்கெல்லாம் குடுத்துப்போடலாம்னு. ஆவணி மூணுங்க. நீங்க முன்னால வந்து நிக்கோணும்."

மிகவும் சந்தோஷம், கட்டாயம் வருகிறேன் என்றேன். கையில் திருப்புளி இருந்ததால் உறையை மேஜை இழுப்பறையில் வைக்கச் சொன்னேன். அவரே வைத்தார். உறையின் மேல் 'முனைவர் மணிமொழி அம்மா குடும்பத்தினர்' என்று பேனாவில் எழுதியிருந்தது.

ஆவணி செப்டம்பரில் வரும் என்று நினைக்கிறேன். இன்னும் நாள் இருக்கிறது. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியதில்லை. நல்ல நேரம், சூலம், குளிகை எல்லாம் கிழித்துப் போடத்தான் லாயக்கு என்பார் அப்பா. சமையலறையில் தொங்குவது ரசாயனக் கம்பெனி கொடுத்தது. அதில் ஆங்கிலத் தேதியும் கந்தக அமிலத்தின் படமும்தான்.

முள் கடைசியில் அசைந்தது.

ஜூலை 18, செவ்வாய்

நான் துறை அறைக்குள் போனபோது நால்வரும் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். புடவைப் படங்கள். "மயில்கழுத்துக் கலரே எடுத்தரலாம், எல்லாருக்கும் செட்டாகும்" என்று ரெஜினா சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போன் கவிழ்ந்தது.

ரயிலில் போட்டோ எடுக்க ஒரே நிறத்தில் கட்டப் போகிறார்கள் போலிருக்கிறது. இந்த வயதில் இதெல்லாம் சிறுபிள்ளைத்தனம்.

ஜூலை 22, சனி

என் புடவைகள் பலதும் சாயம் போய்விட்டன. ஒப்பணக்கார வீதியில் ஒன்று எடுத்தேன். மயில்கழுத்து நிறம். கடைக்காரப் பெண் காட்டியதில் அதுதான் சுமாராக இருந்தது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

டிக்கெட்டின் படத்தையும் திட்டத்தின் இறுதி வடிவத்தையும் துறை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாராத்தாளும் அந்தக் குழுவில் இருக்கிறார். ஆறாவது பெயரை அவர் இப்படியே பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. நேரில் சொல்லியிருந்தால் நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் படித்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் எழுதவில்லை. ரெஜினா மட்டும் இரண்டு மணி நேரம் கழித்துக் கும்பிடும் கை ஒன்று அனுப்பினார். ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

பதினொரு மணிக்கு மாராத்தாள் டீ கொண்டுவரவில்லை. ஆய்வகச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கல்யாண வேலை அதிகம் இருக்கும். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

இன்றும் டீ இல்லை. கேன்டீனில் குடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஜீனத் வரவில்லையாம். மாமியாருக்குக் கண் பரிசோதனை. ஞாயிற்றுக்கிழமையில் எந்த டாக்டர் கண் பார்க்கிறார் என்று கேட்க நினைத்தேன்.

மாலையில் கலைச்செல்வி. குமட்டல். மூன்று எலுமிச்சம்பழம் திட்டத்தில் இருக்கிறது என்றேன். "அதில்லைங் மேடம்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ரெஜினா மேடம். ஞாயிறு ஆராதனை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை உண்டு என்பது ஜூன் மாதத்தில் அவருக்குத் தெரிந்திருக்காதா?

இடம் மாறும் அட்டவணையை மூன்று பேருக்குத் திருத்தி எழுதினேன். மூன்று பேருக்கு அட்டவணை தேவையில்லை என்பது எழுதி முடித்த பிறகு தெரிந்தது.

ஆகஸ்ட் 16, புதன்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

மதியம் இரண்டு மணி. ஆய்வகத்தில் நான் மட்டும். சௌதாமினி வந்து கதவருகில் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், ஞாயித்துக்கிழமை நானும் வரலைங்."

"உனக்கு என்ன? கண்ணா, குமட்டலா?"

அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்குத்தானுங்களே மாராக்கா பொண்ணு கல்யாணம்."

அவர் ஆவணி மூன்று என்று சொன்னதாகச் சொன்னேன்.

"நாளைக்கு ஆடி முடிஞ்சுருதுங் மேடம். வெள்ளிக்கிழமை ஆவணி ஒண்ணு. அப்ப ஞாயிறு மூணு. ஆடி பூராவும் கல்யாணமே இல்லாம, மொதல் முகூர்த்த ஞாயிறு. கோயமுத்தூர்ல ஒரு மண்டபம் காலி இல்ல. எங்கூட்லயே அன்னிக்கு நாலு பத்திரிகை." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க வீட்டுக்கு வேற பத்திரிகையே வரலைங்களா?"

மேஜை மேலிருந்த வயர்களைச் சுருட்டினேன். அவளுக்கே புரிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க தெரிஞ்சேதான் போட்டுட்டீங்கன்னு மாராக்கா நெனச்சுட்டாங்க. அவங்க பேரையும் டிக்கெட்ல பாத்தாங்களா... 'எம்பட புள்ள கண்ணாலத்தன்னிக்கு என்னையவே ரயிலேத்தி உடறாங்களாமா'ன்னு ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதாங்க."

"ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிங் மேடம் சொல்றது?"

இந்த ஒரு கேள்விக்கு அவள் வேறு ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அவள் போன பிறகு இழுப்பறையைத் திறந்தேன். வெற்றிலை காய்ந்து உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உறையைப் பிரித்தேன். ஆவணி 3, ஆகஸ்ட் 20, ஞாயிறு, காலை 4.30 முதல் 6.00. மணமகள் நிவேதிதா. மாப்பிள்ளைக்கு மேட்டுப்பாளையம், மண்டபமும் அங்கே, ஊட்டி ரோட்டில். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஐந்து வாரம் ஏன் பிரிக்கவில்லை? 'குடும்பத்தினர்' என்று எழுதியிருந்ததால் என்றால் அது சாக்கு. ஆனாலும் பேனாவில் எழுதிய அந்தச் சொல்லைப் பார்த்தபோது இழுப்பறையை மூடத்தான் கை போனது.

விரிக்க வேண்டாம் என்று ஜூனில் எழுதியதை இப்போது எழுதிவிடுகிறேன். அப்பா குளியலறையில் விழுந்த அன்று நர்ஸ் கல்லூரிக்குப் போன் செய்தார். நான் வகுப்பில் இருந்தேன். போனை எடுத்தது மாராத்தாள். என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூடவே வந்து, அப்பாவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, ஆம்புலன்சில் தானும் ஏறிக்கொண்டார். மற்றவர்கள் இரண்டு நாள் கழித்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அதற்கப்புறம் அப்பா போகும் வரை எட்டு மாதம், நான் ஐந்து மணிக்கு ஓடும்போதெல்லாம் என் ஆய்வகத்தைப் பூட்டியது அவர். ஒருநாளும் அதைப் பேச்சில் எடுத்ததில்லை.

அவருடைய மகளின் பெயர் நிவேதிதா என்பதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

மாராத்தாள் நேற்றிலிருந்து விடுப்பு. நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி எழுத ஆரம்பித்து அழித்தேன். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்பது உண்மைதான். ஆனால் அவர் நேரில், வாயால், தேதியைச் சொல்லியிருக்கிறார். தெரியாமல் என்ற சொல்லை எப்படி எழுதுவது?

ஆகஸ்ட் 18, வெள்ளி

டிக்கெட்டில் ஐந்து பெயர்களை நீக்கினேன். என் பெயரை விட்டுவைத்தேன்.

சௌதாமினி சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வேன் சொல்லியிருக்கோமுங். நாலு பேருக்குத்தான்... நெருக்கி உக்காந்துக்கலாம், வாங்க மேடம்."

நன்றி, வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 19, சனி

துணி துவைத்தேன். தோசைக்கு அரைத்தேன். அப்பாவின் மருந்து டப்பாவைக் காலி செய்து, கழுவி, கிராம்பு போட்டு வைத்தேன்.

மாலை ஏழு மணிக்கு ஸ்டேட்டஸ் வந்தது. மேடையில் மணமக்கள், பக்கத்தில் நால்வரும். நாலு பேரும் மயில்கழுத்து நிறம். ஆக, அது ரயிலுக்கு எடுத்தது அல்ல. என் புடவை இன்னும் கடைப் பையில் இருக்கிறது.

ரிசப்ஷனுக்குப் போய்விட்டவர்கள் விடியற்காலை முகூர்த்தத்துக்குப் போக மாட்டார்கள். இந்த ஊர் வழக்கம் அவ்வளவுக்கு எனக்கும் தெரியும். அப்படியானால் நாளைக்கு 7.10க்கு அவர்கள் நால்வரும் சும்மாதான் இருப்பார்கள். இதைப் பற்றி மேலே எழுதவில்லை.

நாளைய திட்டம்: 3.30 வாடகைக் கார். 4.40 மண்டபம். மாராத்தாளிடம் சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம்: நான் உறையைப் பிரிக்கவில்லை. தப்பு என்னுடையது. 6.15 கிளம்புவது. 6.35 ரயில் நிலையம். 7.10 ரயில். இரண்டும் செய்ய முடியும். நேரம் சரியாக வருகிறது. அவர் முகம் கொடுக்காவிட்டால் 5.00க்கே கிளம்பி நடைமேடையில் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

நடந்தது இது.

4.40க்கு மண்டபத்தில் இருந்தேன். வாழைமரம், மைக் செட், வாசலில் மேஜை மேல் சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. மேஜைக்குப் பின்னால் யாரும் இல்லை. உள்ளே முப்பது பேர் இருக்கலாம். பாதிப் பேர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியிலிருந்து நான் ஒருத்திதான்.

மாராத்தாள் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. வேறு ஆள் போல இருந்தார். இறங்கி வந்து கை கூப்பினார்.

"வாங்கம்மா." அப்புறம், "ஏனுங், இன்னிக்கு ரயிலுங்களே?"

என் இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். ஒத்திகை பார்த்ததைவிட வேகமாக வந்துவிட்டன.

"பிரிக்கவே இல்லீங்களா?" அவர் குரல் ஏறியது. "ஒங்களுக்குன்னு தனியா நீளக் கவரு வாங்கிட்டு வரச் சொல்லி எங்கூட்டுக்காரர்கிட்ட சண்டை கட்டுனனுங் நானு. அந்தக் கவரையா பிரிக்கல?"

"இல்ல."

"வாயில வேற சொன்னனே, ஆவணி மூணுன்னு!"

"எனக்கு ஆவணி எப்ப வருதுன்னு தெரியல."

அவர் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். கோபமா வேறு ஏதாவதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பி.எச்.டி. படிச்சிருக்கறீங்க" என்றார்.

"ஆமா."

"சரி, அது போகட்டும். கண்ணால நாளு மறந்துபோச்சுன்னாக்கூட போனாப் போகுதுன்னு உட்டுருவனுங். அந்த டிக்கெட்ல எனக்கு என்ன வயசு போட்டீங்க?"

நான் அவர் தலையிலிருந்த பூவைப் பார்த்தேன்.

"அம்பத்திமூணு! சௌதா எல்லார்த்துக்கும் முன்னால படிச்சுக் காட்டறா. எனக்கு நாப்பத்தொம்போதுங்க. ஒங்க வயசுதான். ஒரே வருசந்தான் ரெண்டு பேரும் காலேஜுக்கு வந்தோம், ஞாபகமிருக்குதுங்களா? நீங்க டீச்சரா, நானு கூட்டறதுக்கு."

ஞாபகம் இல்லை. அதையும் சொன்னேன். இன்றைக்கு ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அவர் வாயைப் புடவையால் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போகத் திரும்பியவர் என் புடவையை இப்போதுதான் பார்த்தார். "நீங்களும் மயில்கழுத்தா? ஆரு சொன்னா ஒங்களுக்கு?" பதிலுக்குக் காத்திருக்காமல் என் கையைப் பிடித்து வாசல் மேஜைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "எந்நாத்தனாரு நிக்கறன்னவ இன்னும் எந்திரிக்கல. சித்த நேரம் நீங்க நில்லுங்க. வர்றவங்களுக்குச் சந்தனம் குடுத்து, வாங்கன்னு சொல்லுங்க. மொகத்தை மட்டும் பரீட்சை ஹால்ல நிக்கற மாதிரி வெக்காதீங்க."

நின்றேன். பன்னீரை எவ்வளவு தூரத்திலிருந்து தெளிப்பது என்று தெரியாமல் முதலில் வந்தவரின் கண்ணாடியில் தெளித்துவிட்டேன். இரண்டாவது ஆளிலிருந்து சரியாக வந்தது. "வாங்க, வாங்க" என்று இன்று நான் சொன்ன தடவைகள் என் வாழ்நாளில் அதுவரை சொன்னதைவிட அதிகம் இருக்கும். ஒரு பெரியவர் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நீங்க பொண்ணுக்கு என்ன முறையாகோணும்?" என்று கேட்டார். "காலேஜுங்க" என்றேன். அப்படி ஒரு உறவுமுறை இருப்பதைப் போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

5.20க்குத் தாலி கட்டினார்கள். வாசலிலிருந்து பாதி தெரிந்தது.

6.15க்கு நாத்தனார் வரவில்லை. 6.30க்கும் வரவில்லை. 6.35க்கு கோயமுத்தூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பையில் திட்டத்தின் இரண்டு பக்கமும் மடித்து இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

6.55க்கு மாராத்தாளே வந்தார். "அய்யோ, ஒங்களை மறந்தே போனனுங்! ரயிலுக்கு நேரமாச்சே. போங்க, போங்க, ஆட்டோ புடிச்சா..."

"பசிக்குது" என்றேன்.

பந்தியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றார். இட்லி, வடை, கேசரி, அப்புறம் அவர் இழுத்துப் பிடித்துப் போடச்சொன்ன இன்னொரு கேசரி. என் இரு பக்கமும் யார் என்று எனக்குத் தெரியாது. இலையில் பாதி இருக்கும்போது விசில் கேட்டது. பக்கத்து அம்மாள், "ஊட்டி வண்டி" என்று எனக்குத் தகவல் சொன்னார்.

கைகழுவும் இடம் மண்டபத்தின் பின்னால். சுவருக்கு அப்பால் பாக்குத்தோப்பு, அதற்கு இடையில் தண்டவாளம். நான் குழாயைத் திருகும்போது நீலப் பெட்டிகள் மெதுவாக வந்தன. எல்லா ஜன்னலிலும் முகங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. எங்கள் ஆறு இருக்கைகளிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். பெட்டிகள் எல்லாம் போன பிறகு, கடைசியாக, புகையோடு எஞ்சின். தள்ளிக்கொண்டுதான் போனது. ஜன்னலிலிருந்து நிறையப் பேர் கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. கை ஈரமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் பின்னால் வந்து நின்ற மாராத்தாள். "இந்த ஊர்லயே சம்பந்தம் பண்ணியும் நா ஒருக்காக்கூட ஏறுனதில்ல."

நானும் ஏறியதில்லை என்றேன்.

"நாளையிலிருந்து ஊடு வெறிச்சுனு கெடக்கும். பொரட்டாசில போலாமுங்களா? பொரட்டாசில ஒருத்தனும் கண்ணாலம் வெக்க மாட்டான்." அப்புறம், "வயசை மட்டும் ஒழுங்காப் போடுங்க."

பதினொன்றே முக்காலுக்கு வீடு. ரெஜினா மேடம் குழுவில் எழுதியிருந்தார்: 'ட்ரெயின் எப்படி இருந்தது மணி மேடம்? போட்டோ போடுங்க.' எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது, நேரில் பார்த்தேன் என்று பதில் போட்டேன்.

புரட்டாசி எப்போது தொடங்குகிறது என்று தேடிப் பார்த்தேன். அக்டோபர் 8 ஞாயிறு அதற்குள் வருகிறது. இருக்கை இல்லை. காத்திருப்போர் பட்டியலில் 14, 15 கிடைத்தது.

மணிமொழி, பெண், 49.
மாராத்தாள், பெண், 49.